நாயின் பருவமும் நாளமில்லாச் சுரப்பிகளும்

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியின் பின்புறத்தில் ஒரு பெரிய வேப்பமரம் நின்றது. அதன் அடியில் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் ஏதேனும் ஒரு தெருநாய் குட்டி ஈன்றிருக்கும். ஒரு நாள் விலங்கியல் பாடம் நடந்துகொண்டிருக்கையில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கோழி ஆண்டு முழுவதும் முட்டையிடுகிறது. நாய் மட்டும் ஏன் காலம் பார்த்துக் குட்டி போடுகிறது? அந்தக் காலம் வந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?" என்று வினவினான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனெனில் எனக்கு விடை தெரியவில்லை. "எல்லாம் இயற்கை" என்று ஒரு சொல்லைச் சொல்லி அவனை உட்காரவைத்தேன். அது விடை அன்று என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான், அந்தச் சிறுவனின் கேள்வி உலகப் பேரறிஞர் பலரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆட்டிவைத்த கேள்வி என்பதை உணர்ந்தேன். அன்று அவனுக்குத் தரத் தவறியதை இன்று உங்களுக்குத் தர விழைகின்றேன்.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைக் கூறிவிடுவோம். வளர்ப்பு நாய்களில் பெண் நாய்க்குப் பருவம் ஏறத்தாழ ஏழு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. முதல் ஒன்பது நாள் அளவில் பிறப்புறுப்பு வீங்கி இரத்தம் கசியும். ஆண் நாய்கள் சூழ்ந்து திரியும். ஆயினும் பெண் நாய் அவற்றை அண்ட விடாது. அடுத்த ஒன்பது நாள் அளவில் அது ஆணை ஏற்கும். பின்னர், கருவுற்றாலும் கருவுறாவிட்டாலும், இரண்டு மாத காலம் உடலில் ஒரு மாறுதல் நிகழும். அதன் பின் சில மாதங்கள் முழு ஓய்வு. ஆப்பிரிக்காவில் தோன்றிய பாசெஞ்சி என்னும் இனமோ, நாயின் மூதாதையாகிய ஓநாயைப் போல ஆண்டுக்கு ஒரே முறை பருவம் அடைகிறது. இக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது எது என்பதே நம் வினா.

பண்டையோர் இதனைக் கவனிக்காமல் இல்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், லக்கோனிய வேட்டைநாய் ஏறத்தாழ அறுபது நாள் கருச் சுமக்கிறது என்று எழுதிவைத்தார். பெண் பன்றியின் சூலகத்தை அறுத்து நீக்கினால் அதன் பருவ வேட்கை அடங்கிவிடும் என்பதையும் அவர் குறித்துள்ளார். ஆகவே, சூலகத்துக்கும் பருவத்துக்கும் தொடர்பு உண்டு என்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே அறியப்பட்ட செய்தி. ஆனால் அத்தொடர்பு எவ்வழியே இயங்குகிறது? சூலகம் ஓரிடத்தில் இருக்க, வீங்குவது மற்றோர் இடம். மாறுவது நாயின் மனப்போக்கு. இவற்றை இணைப்பது யாது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் இதற்கு, "நரம்பு" என்று விடை கூறினர். தந்திக் கம்பிகள் நாடெங்கும் ஓடத் தொடங்கிய காலம் அது. உடலிலும் நரம்பென்னும் தந்தி வழியாகவே செய்தி செல்லும் என்று எண்ணுவது எளிதாக இருந்தது. ஜெர்மானிய உடலியல் அறிஞர் பிளூகர், சூலகத்தில் முட்டை வளரும் குமிழ் பெருத்து நரம்பை அழுத்துவதாலேயே மாறுதல்கள் நிகழ்கின்றன என்று கூறினார். அவர் பெருமதிப்புப் பெற்றவர். ஆதலின் அக்கருத்து நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது.

அதனை அசைத்தது ஒரு நாய். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோல்ட்ஸ் என்பார் 1874ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டார். தண்டுவடம் துண்டிக்கப்பட்ட ஒரு பெண் நாய், பின்னுடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பே இல்லாத நிலையிலும், பருவம் அடைந்தது, கருவுற்றது, குட்டியும் ஈன்றது! தந்திக் கம்பி அறுந்த பின்னும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியாயின் செய்தி வேறு வழியில் சென்றிருக்க வேண்டும். உடலின் எல்லா உறுப்புகளையும் இணைக்கும் மற்றோர் ஆறு ஒன்றுதான் உண்டு; அது குருதி.

இவ்வுண்மைக்கு ஒரு முன்னோடியும் இருந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்பார் 1849ஆம் ஆண்டிலேயே சேவற்குஞ்சுகளின் விதைகளை அகற்றி, சிலவற்றுக்கு மட்டும் அவற்றை வயிற்றினுள் வேறிடத்தில் பொருத்திப் பார்த்தார். பொருத்தப் பெற்றவை கொண்டை சிவந்து, கூவி, சண்டையிட்டு, முழுச் சேவல்களாயின. மற்றவை அவ்வாறு ஆகவில்லை. பழைய நரம்புகள் அறுபட்ட நிலையில் இது நிகழ்ந்ததால், விதை குருதியின் வழியே உடலை மாற்றுகிறது என்று அவர் முடிவு கூறினார். அக்கட்டுரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. உண்மை தோன்றினால் மட்டும் போதாது. அதனை ஏற்கும் காலமும் தோன்ற வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

அக்காலம் 1896ஆம் ஆண்டு முதல் கனியத் தொடங்கியது. வியன்னாவில் நாவர் என்னும் மருத்துவர் முயல்களின் சூலகத்தை எடுத்து வேறிடத்தில் பதித்தார். சூலகம் இழந்த முயலின் கருப்பை சுருங்கும்; ஆனால் வேறிடத்திலேனும் சூலகம் பதியப் பெற்ற முயலின் கருப்பை சுருங்கவில்லை. 1900ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் வால்டர் ஹீப், பாலூட்டிகளின் பருவங்களை ஒழுங்குபடுத்தி ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் சூட்டினார். ஆணை ஏற்கும் கட்டத்துக்கு அவர் தேர்ந்த சொல் 'ஈஸ்ட்ரஸ்'. மாடுகளைக் கடித்து வெறிகொண்டு ஓடச் செய்யும் ஒருவகை ஈயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஈ கடித்ததுபோல் நிலைகொள்ளாத் தன்மை என்பது கருத்து. இந்த ஹீப் என்பவர் முன்னர் இந்தியாவுக்கு வந்து குரங்குகளின் மாதவிடாயை ஆராய்ந்தவர். அவ்வாராய்ச்சியே அவரை ஒரு பிழைக்கும் இட்டுச் சென்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி நம் கதையின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். எடின்பரோ நகரில் மார்ஷல், ஜாலி என்னும் இரு இளம் ஆராய்ச்சியாளர்கள் நாயையே ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தனர். அவர்களது தேர்வு நுட்பமானது. எலி, முயல் போன்றவற்றில் பருவமும் ஓய்வும் விரைந்து மாறுவதால் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிதல் கடினம். நாய்க்கோ நீண்ட ஓய்வுக்காலம் உண்டு. அந்த அமைதியில் சிறு சலனமும் தெளிவாகப் புலப்படும். பருவத்தில் இருந்த நாயின் சூலகத்தைப் பிழிந்தெடுத்த சாற்றை ஓய்வில் இருந்த நாய்க்கு ஊசி வழியே செலுத்தினர். சிறிது காலம் பருவத்தின் குறிகள் தோன்றி மறைந்தன. சூலகம் அகற்றப்பட்ட நாய்க்கு வேறிடத்தில் சூலகம் பதித்தபோதும் பருவம் வந்தது. சூலகம் முட்டை தரும் உறுப்பு மட்டும் அன்று; குருதியில் ஒரு பொருளைக் கலக்கும் சுரப்பியுமாகும் என்று அவர்கள் முடிவு செய்தனர். அவர்களது கட்டுரை 1905ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது.

அதே 1905ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டனில் ஸ்டார்லிங் என்னும் உடலியல் அறிஞர் ஒரு சொற்பொழிவில், குருதி வழியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செய்தி சுமக்கும் இத்தகைய பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை முதன்முதலாக வழங்கினார். 'தூண்டுகிறேன்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது. இன்று உங்கள் பாடநூலில் இச்சொல் வராத பாடமே இல்லை எனலாம்.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்லாமல் செல்வது நேர்மை ஆகாது. ஸ்டார்லிங்கும் அவர் மைத்துனர் பேலிஸும் 1902ஆம் ஆண்டில் முதல் ஹார்மோனைக் கண்டது நாயின் உடலில்தான். அடுத்த ஆண்டில் லண்டன் பல்கலைக் கல்லூரியில் மாணவர் முன்னிலையில் ஒரு பழுப்பு நாய் அறுக்கப்பட்டபோது, அதற்கு மயக்கமருந்து போதுமான அளவு தரப்படவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கில் பேலிஸ் வென்றார். ஆயினும் மக்களுள் பலர் மனம் ஆறவில்லை. 1906ஆம் ஆண்டில் பேட்டர்சி என்னும் பகுதியில் அந்நாய்க்குச் சிலை வைத்தனர். மருத்துவ மாணவர்கள் அதனை எதிர்த்துக் கலகம் செய்தனர். 1910ஆம் ஆண்டில் சிலை அகற்றப்பட்டது. 1985ஆம் ஆண்டில் புதிய சிலை ஒன்று எழுந்தது. நாம் பெற்ற அறிவு விலையின்றி வந்ததன்று. அவ்விலையைக் கொடுத்தோர் நம்மிடம் வாய்திறந்து கேட்க இயலாதோர். ஆகவே அவ்வறிவை வீணாக்காமலும் தவறாகக் கையாளாமலும் இருப்பது நம் கடன்.

அடுத்த முப்பது ஆண்டுகள் வேதியியலாரின் காலம். 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஆலன், டாய்சி என்னும் இருவர், பன்றியின் சூலகக் குமிழ்களிலிருந்து எடுத்த நீரைச் சுண்டெலி, எலி ஆகியவற்றுக்குச் செலுத்திப் பருவத்தை உண்டாக்கினர். 1929ஆம் ஆண்டில் டாய்சியும், ஜெர்மனியில் பூட்டனாண்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோன் என்னும் பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். ஹீப்பின் 'ஈஸ்ட்ரஸ்' இப்பெயரில் வாழ்வதைக் காண்கிறீர்கள். முட்டை வெளியேறிய பின் அக்குமிழ் மஞ்சள் உடல் என்னும் சுரப்பியாக மாறுகிறது. அது சுரக்கும் இரண்டாம் பொருளாகிய புரோஜெஸ்டிரோன் 1934ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஒரே வேளையில் நான்கு குழுவினரால் தூய நிலையில் பெறப்பட்டது. பூட்டனாண்டுக்கு 1939ஆம் ஆண்டில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டும், அன்றைய ஜெர்மன் அரசின் கட்டாயத்தால் அவர் அதனை ஏற்க இயலவில்லை. போர் முடிந்த பின்னரே பெற்றுக்கொண்டார்.

அப்படியாயின் சூலகத்துக்கு ஆணையிடுவது எது? 1927ஆம் ஆண்டளவில் பெர்லினில் சோண்டெக்கும் ஆஷ்ஹைமும், அமெரிக்காவில் ஸ்மித்தும், மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைச் சுட்டிக்காட்டினர். ஆங்கில அறிஞர் ஜெப்ரி ஹாரிஸ், அந்தப் பிட்யூட்டரியும் தன்னாட்சி உடையதன்று. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி ஒரு சிறு குருதிக் குழாய் வழியே அதற்கு ஆணை அனுப்புகிறது என்று நிறுவினார். அவ்வாணைப் பொருளின் அமைப்பை 1971ஆம் ஆண்டில் ஷாலி, கில்மின் ஆகியோரின் குழுவினர் கண்டறிந்தனர். பாருங்கள், நரம்பா குருதியா என்று தொடங்கிய வழக்கில், இறுதித் தீர்ப்பு இரண்டுக்கும் இடம் தந்தது! மூளை தொடங்கிவைக்கிறது, குருதி கொண்டுசெல்கிறது.

1977ஆம் ஆண்டு நோபல் பரிசில் ஷாலி, கில்மின் ஆகிய இருவரோடு பங்கு பெற்றவர் ராசலின் யாலோ அம்மையார். குருதியில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோனைக் கதிரியக்கத்தின் துணையால் அளக்கும் முறையைப் பெர்சன் என்பாரோடு சேர்ந்து அமைத்தவர் அவர். அவ்வளவுகோல் கிடைத்த பின்னரே நாயின் உள்ளே நிகழ்வது நாள் தவறாமல் தெரியவந்தது. நாயின் சூலகத்தையும் பருவத்தையும் பற்றி ஈவான்ஸும் கோலும் 1931ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் விரிவான ஆராய்ச்சியை வெளியிட்டிருந்தனர். 1975ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கான்கானனும் அவர் தோழர்களும் நாயின் குருதியிலேயே ஹார்மோன்களின் ஏற்றத்தாழ்வை அளந்து காட்டினர்.

அந்த அளவீடு கூறும் கதை இது. முதல் ஒன்பது நாள்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. கருப்பையின் உட்சுவர் தடித்துக் குருதி கசிகிறது. பின் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போதே புரோஜெஸ்டிரோன் ஏறத் தொடங்குகிறது. ஒன்று இறங்க மற்றொன்று ஏறும் அந்தச் சந்திப்பில்தான் நாய் ஆணை ஏற்கும் மனநிலை அடைகிறது. அவ்வேளையில் பிட்யூட்டரி ஒரு பெரு அலையாகத் தன் ஹார்மோனை வீசுகிறது. இரண்டு நாளில் முட்டைகள் வெளியேறுகின்றன. பிற விலங்குகள் பெரும்பாலானவற்றின் முட்டைகள் வெளியேறும்போதே முதிர்ந்திருக்கும். நாயின் முட்டைகளோ முதிராமல் வெளியேறி, மேலும் இரண்டு மூன்று நாள் கழித்தே கருவுறத் தகுதி பெறுகின்றன. பிட்யூட்டரி அலை எழுந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 65ஆம் நாளில் குட்டிகள் பிறக்கும்.

இங்கேதான் ஹீப்பின் பிழை வெளிப்பட்டது. நாயின் இரத்தக் கசிவும் மகளிரின் மாதவிடாயும் ஒன்றே என்று அவர் கருதினார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஆனால் மாதவிடாய், முட்டை வெளியேறிய பின், புரோஜெஸ்டிரோன் குறைவதால் நிகழ்கிறது. நாயின் கசிவோ, முட்டை வெளியேறுவதற்கு முன், ஈஸ்ட்ரோஜன் மிகுவதால் நிகழ்கிறது. ஒன்று முடிவின் அடையாளம். மற்றொன்று தொடக்கத்தின் அடையாளம். தோற்றத்தில் ஒற்றுமை, காரணத்தில் நேர்மாறு.

மற்றொரு வேறுபாடும் உண்டு. கருவுறாத நாயிலும் மஞ்சள் உடல் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சில நாய்கள் குட்டி இல்லாமலே மடி சுரந்து, படுக்கை தேடி, ஒரு துணிப்பொம்மையைக் குட்டியெனக் காத்துக் கிடக்கின்றன. நம் வீட்டார் சிலர் அதனைப் பேயின் செயல் என்பர். அது பேயும் அன்று. நாயின் பொய்யும் அன்று. அதன் குருதி அதற்கு அவ்வாறு சொல்கிறது.

அறிவு வந்தால் அதனைப் பயன்படுத்தும் ஆசையும் வரும். பருவத்தைத் தடுக்க விரும்பினோர், புரோஜெஸ்டிரோனை ஒத்த செயற்கைப் பொருள்களை நாய்க்குக் கொடுத்தனர். அப்பொருள் உடலில் இருந்தால் அடுத்த பருவம் வாராது என்பது அவர்களது கணக்கு. கணக்கு சரியே. ஆனால் 1960களில் அமெரிக்காவில் நெடுநாள் செயல்படும் ஊசிமருந்தைப் பயன்படுத்தியபோது, பல நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டியது. அம்மருந்து நாய்களுக்கு விற்கப்படாமல் நிறுத்தப்பட்டது. 1978ஆம் ஆண்டில் வேறொரு சொட்டுமருந்து அந்நாட்டில் அனுமதி பெற்றது. அதுவும் பின்னர் வழக்கொழிந்தது.

இதனைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. மகளிருக்கான கருத்தடை மருந்துகளை பீகிள் என்னும் சிறு வேட்டைநாய்களுக்குப் பல ஆண்டுகள் கொடுத்துச் சோதித்தனர். அந்நாய்களின் மடியில் கட்டிகள் தோன்றின. அதனால் 1970ஆம் ஆண்டில் சில மாத்திரைகள் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. ஓர் ஊசிமருந்துக்கு 1978ஆம் ஆண்டில் கருத்தடைக்கான அனுமதி மறுக்கப்பட்டது. நாய்க்கு நேர்வது பெண்ணுக்கும் நேருமா? இருபக்கமும் அறிஞர்கள் வாதிட்டனர். இறுதியில் அவ்வூசிக்கு 1992ஆம் ஆண்டில் அங்கே அனுமதி கிடைத்தது. 1994ஆம் ஆண்டில் ஹாலந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் நாயின் தனித்தன்மை ஒன்றை வெளிப்படுத்தினர். இவ்வகைப் பொருள்கள் நாயின் உடலில் புகுந்தால், பால்சுரப்பியே வளர்ச்சி ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து குருதியில் கலக்கிறது! நாயின் உடல் இப்பொருளுக்குத் தனக்கே உரிய முறையில் விடையளிக்கிறது என்பது தெளிவாயிற்று.

ஹீப் குரங்கையும் பெண்ணையும் கண்டு நாயைக் கணித்தார். பின்வந்தோர் நாயைக் கண்டு பெண்ணைக் கணித்தனர். இரண்டு வழியிலும் ஒரே இடறல். ஒப்புமை அறிவுக்கு வாசல். ஆனால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால் வீட்டினுள் இருப்பது தெரியாது. நாயை அறிய வேண்டுமானால் நாயைத்தான் பார்க்க வேண்டும்.

இன்று நாய் வளர்ப்போர் குருதியில் புரோஜெஸ்டிரோனை அளந்து, இணைசேர்க்கும் நாளை முடிவு செய்கின்றனர். ஓய்வுக்காலம் நீண்டால் அதனைச் சுருக்கும் மருந்தும், பருவத்தை ஒத்திவைக்கும் மருந்தும் கால்நடை மருத்துவர் கையில் உண்டு. ஆனால் பட்ட அனுபவம் அவர்களை எச்சரிக்கையாளர்கள் ஆக்கியிருக்கிறது. நம் நாட்டில் தெருநாய்களின் பெருக்கத்தைத் தடுக்க 2001ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட விதிகளும், அறுவை முறையில் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதையே வழியாகக் கொண்டுள்ளன. பன்றியின் சூலகத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய அந்தப் பழைய முறைக்கே, மயக்கமருந்தும் தூய்மையும் கூட்டி, நாம் திரும்பியிருக்கிறோம்.

மாணவ நண்பர்களே, "அந்தக் காலம் வந்துவிட்டது என்று நாய்க்கு யார் சொல்கிறார்கள்?" என்று கேட்ட அம்மாணவனை நான் மீண்டும் காணவில்லை. கண்டால், "தம்பி, அதன் மூளை பிட்யூட்டரிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி சூலகத்துக்குச் சொல்கிறது, சூலகம் குருதி வழியே உடல் முழுவதற்கும் சொல்கிறது. ஆனால் மூளைக்கு அந்த நாளைச் சரியாகச் சொல்வது எது என்பது இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. அந்த எச்சத்தை நீ கண்டு சொல்" என்பேன். அவனுக்குச் சொல்ல இயலாததை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் வகுப்பில் எவரேனும் எழுந்து இத்தகைய கேள்வி கேட்டால், தயைகூர்ந்து சிரிக்காதீர்கள்.